மண்வாரி யந்திரத்தில் உஷ்ணங் காட்டும் மின்சுற்றின் கோளாறும் அதை அறியும் முறையும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் ஏரி குளங்கள் வற்றிக் கிடக்கும் கோடைக்காலமே, அவற்றில் படிந்த வண்டலை எடுத்து வயலிலும் தோட்டத்திலும் பரப்புவதற்கு ஏற்ற காலமாகும். செம்மண்ணும் சரளையும் மிகுந்த இப்பகுதியில் வண்டல் அடித்த நிலம் ஈரத்தை நெடுநாள் தாங்கி நிற்கும் என்பதைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து வேலை அரசாங்கத்தால் புத்துயிர் பெற்றது. 2024ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியரே வண்டல் எடுக்க அனுமதி வழங்கவும் ஏற்பாடாயிற்று. ஆகவே முன்னைக் காட்டிலும் அதிகமான விவசாயிகள் மண்வாரி யந்திரத்தை வாடகைக்கு அமர்த்தி இவ்வேலையைச் செய்து வருகிறார்கள்.

இந்த யந்திரத்தை நம் பக்கத்தில் பொக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் அழைக்கிறார்கள். முன்னது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். பின்னது ஒரு ஜப்பானியக் கம்பெனியின் பெயர். காலப்போக்கில் இவ்விரண்டும் யந்திரத்திற்கே பெயராகிவிட்டன. யந்திரம் எவ்வகையினதாயினும் அதன் வாடகை மணிக்கணக்கில் ஓடுவது. வண்டல் எடுக்கும் அனுமதிக்கும் நாள் வரையறை உண்டு. கோடை மழை ஒன்று பலமாய்ப் பெய்துவிட்டால் ஏரிக்குள் டிராக்டர் இறங்க இயலாது. இந்நிலையில் யந்திரம் ஒரு நாள் நின்றாலும் அதன் நஷ்டம் விவசாயியின் தலையிலேயே விழுகிறது.

இவ்விதம் யந்திரம் நிற்பதற்குரிய காரணங்களுள் அடிக்கடி ஏற்படுவதும், அடிக்கடி தவறாக உணரப்படுவதுமாகிய ஒன்று, எஞ்சின் சூட்டைக் காட்டும் சென்சாரையும் அதைச் சேர்ந்த ஒயர்களையும் பற்றிய கோளாறாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும்; அல்லது எஞ்சின் கொதிக்கையில் மீட்டர் சாந்தமாய் நிற்கும். முன்னதால் வேலை வீணாய் நின்றுபோகும். பின்னதால் எஞ்சினே அழிந்துபோகும். இவ்விரண்டையும் பிரித்தறியும் முறை கடினமன்று. யந்திரம் வைத்திருப்போரும், அதை அமர்த்துவோரும், வேலையை மேற்பார்வையிடும் கிராம அதிகாரிகளும் அதனைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

யந்திரம் சூட்டை அறியும் விதம்

மீட்டர் காட்டுவது சூடு அன்று. சூட்டைக் குறித்து ஓர் ஒயர் கொண்டுவரும் செய்தியே ஆகும். இதனை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சென்சார் என்பது பித்தளைக் கூட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு சிறு மணி. அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்துள் அமிழ்ந்திருக்கும். சாதாரண உலோகக் கம்பி சூடேறினால் மின்சாரத்தைத் தடுக்கும் தன்மை அதில் அதிகமாகும். இந்த மணியிலோ அத்தன்மை குறையும். சில பொருள்களுக்கு இவ்வித விநோத குணம் உண்டென்பதை மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1833ஆம் ஆண்டிலேயே வெள்ளிக் கந்தகத்தில் கண்டறிந்தார். 1930ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் அதனைத் தொழிலுக்கு உபயோகமான கருவியாக அமைத்தார். கருவியின் பெயர் தெர்மிஸ்டர் என்பதாகும்.

பெரும்பாலான யந்திரங்களில் இந்த மணிக்கு இரண்டு ஒயர்கள் உண்டு. ஒன்று செய்தி ஒயர். மற்றொன்று திரும்பும் ஒயர். கண்ட்ரோலர் என்னும் மின்னணுப் பெட்டி, தனக்குள் இருக்கும் ஒரு நிலையான தடையின் வழியாக 5 வோல்ட் மின்சாரத்தைச் செய்தி ஒயரில் அனுப்புகிறது. மணி குளிர்ந்திருந்தால் தடை மிகுதி. ஒயரில் வோல்ட் உயர்ந்து நிற்கும். மணி சூடேறினால் தடை குறைவு, வோல்ட் தாழும். இந்த வோல்ட்டை அளந்தே கண்ட்ரோலர் சூட்டைக் கணக்கிடுகிறது.

எஞ்சின்களில் பரவலாக உபயோகிக்கப்படும் ஒரு வகைச் சென்சாரின் அளவுகளை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் தடை 20 டிகிரி செண்டிகிரேடில் 2,500 ஓம். 40 டிகிரியில் ஏறக்குறைய 1,200 ஓம். 60 டிகிரியில் 600 ஓம். 80 டிகிரியில் 320 ஓம். 100 டிகிரியில் 190 ஓம். யந்திரத்துக்கு யந்திரம் இவ்வளவுகள் மாறும். ஆயினும் சூடு ஏற ஏறத் தடை படிப்படியாய்க் குறையும் என்னும் விதி மாறாது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமே விளங்கும். ஒயர் அறுந்துபோனால் தடை அளவற்றதாகும்; வோல்ட் 5 வரை ஏறிவிடும்; கண்ட்ரோலர் இதனைக் கடுங்குளிர் எனக் கொள்ளும். ஒயர் தோலுரிந்து யந்திரத்தின் இரும்பைத் தொட்டால் தடை இல்லாதுபோகும். வோல்ட் ஏறக்குறைய பூஜ்யமாகும். கண்ட்ரோலர் இதனைக் கொடுஞ்சூடு எனக் கொள்ளும். சேலத்து வெயிலில் மீட்டர் பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி குளிர் என்று காட்டினால், அங்கே கெட்டது எஞ்சின் அன்று, ஒயர்தான் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லலாம்.

கோளாறு உண்டாகும் காரணங்கள்

இப்பகுதியில் செம்மண்ணுக்கு அடியில் பாறை அதிக ஆழத்தில் இல்லை. ஆகவே வண்டல் வாரும் யந்திரமே மறுவாரம் கிணறு ஆழப்படுத்தவும் வரப்புப் பாறை நீக்கவும் பிரேக்கர் பூட்டப்பட்டு ஓடுகிறது. பிரேக்கரின் அதிர்ச்சியால் ஒயர்களைத் தாங்கும் பிடிகள் தளர்ந்து, ஒயர் எஞ்சினின் விளிம்பில் உராய்ந்து தோலுரியும். இது முதற்காரணம்.

இரண்டாவது, நீர். வேலை முடிந்ததும் யந்திரத்தை அழுத்த மிகுந்த நீர்ப் பீச்சால் கழுவுகையில் கனெக்டருக்குள் ஈரம் புகும். நாளடைவில் அதன் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும்.

மூன்றாவது, எலி. மழைக்காலத்தில் களத்து மேட்டிலோ கொட்டகையிலோ பல நாள் நிற்கும் யந்திரத்தில் எலி புகுந்து ஒயரைக் கடித்துவிடும்.

நான்காவது, ரேடியேட்டரில் ஊற்றும் நீர். கூலண்ட் குறைந்தபோது உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால், தண்ணீர்க் காய்ச்சும் பாத்திரத்தில் படிவதைப் போலவே சென்சாரின் முனையிலும் காரை படியும். காரை போர்த்திய சென்சார் சூட்டைத் தாமதமாகவே உணரும்.

ஐந்தாவது, வெல்டிங். பேட்டரி இணைப்பையும் கண்ட்ரோலர் இணைப்பையும் கழற்றாமல் பக்கெட்டுக்கு வெல்டிங் வைப்பதால் கண்ட்ரோலரே கெட நேரிடும்.

முதற்கேள்வி: சூடு மெய்யா?

சிவப்பு விளக்கு எரிந்தவுடன் ‘சென்சார்தான் போயிருக்கும்’ என்று சொல்லி வேலையைத் தொடர்வது பெருந்தவறாகும். கோடையில் மெய்யான சூடும் பொய்யான சூடும் ஒரே பருவத்தில் வருகின்றன. ஆகவே சூடு பொய் என்று நிரூபிக்கப்படும் வரையில் அதனை மெய் என்றே கொள்ள வேண்டும்.

விளக்கு எரிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, பளுவை நீக்கி, எஞ்சினைச் சில நிமிஷங்கள் தாழ்ந்த வேகத்தில் ஓடவிட்டு நிறுத்துதல் வேண்டும். ஆனால் கூலண்ட் வெளியே கொட்டினாலும், நீராவி கிளம்பினாலும், பேன் பெல்ட் அறுந்திருந்தாலும் தாமதியாமல் உடனே நிறுத்துவது அவசியம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கலாகாது. உள்ளே திரவம் அழுத்தத்தில் இருப்பதால் அது 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் நிற்கும். மூடி தளர்ந்த கணமே சீறி எழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

எஞ்சின் நன்றாய் ஆறிய பிறகு கூலண்ட் மட்டத்தைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் துளைகளில் தூசியும் சீமைக் கருவேல இலையும் சோளத் தோகையும் அடைத்துள்ளனவா, பேன் பெல்ட் தளர்ந்துள்ளதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றுள் ஏதேனும் குறை கண்டால் சூடு மெய்யென்று எண்ணி, முதலில் அக்குறையை நீக்குவதே முறை.

கூலண்ட் குறைந்துபோனால் சென்சாரின் முனை திரவத்தில் படாமல் வெற்றிடத்தில் நிற்கக் கூடும். அப்பொழுது எஞ்சின் எரிந்துகொண்டிருந்தாலும் மீட்டர் குறைவாகவே காட்டும். இங்கே சென்சாரும் பழுதில்லை, ஒயரும் பழுதில்லை; ஆயினும் செய்தி பொய். இக்காரணம் பற்றியே கூலண்ட் மட்டம் தினந்தோறும் காலையில் பார்க்கத்தக்கது என்று சொல்லப்படுகிறது.

காலைப் பரீட்சையும் மதியப் பரீட்சையும்

எவ்விதச் செலவும் இல்லாமல் செய்யக்கூடிய பரீட்சை ஒன்றுண்டு. இரவு முழுவதும் நின்ற யந்திரத்தில், காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, மீட்டர் காட்டும் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூலண்ட், ஹைட்ராலிக் ஆயில், உள்ளிழுக்கும் காற்று ஆகிய மூன்றின் உஷ்ணமும் அவ்வேளையில் வெளிக்காற்றின் உஷ்ணத்துடன் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். மற்ற இரண்டும் 28, 29 டிகிரி காட்டுகையில் கூலண்ட் மட்டும் 58 டிகிரி காட்டினால், அந்த ஒரு சுற்றில்தான் கோளாறு என்பது நிச்சயம்.

மதியத்தில், எஞ்சின் நன்றாய்ச் சூடேறிய நிலையில், மற்றொரு பரீட்சை செய்ய வேண்டும். துப்பாக்கி போன்ற வடிவுள்ள, தொடாமலே சூட்டை அளக்கும் உஷ்ணமானி கடைகளில் கிடைக்கிறது. சென்சார் பொருத்தப்பட்ட இடத்திற்கு அருகில், பளபளப்பில்லாத வார்ப்பிரும்பின்மேல் அதனைக் காட்டி அளவெடுக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தில் அது தவறான அளவு காட்டும். இரும்பின் மேற்புறம் உள்ளிருக்கும் திரவத்தைவிடச் சில டிகிரி குறைவாயிருப்பது இயல்பு. இருபது முப்பது டிகிரி வித்தியாசம் இயல்பன்று.

இரு வேளையும் ஏன் பரீட்சிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மேற்கூறிய உதாரணச் சென்சாரையே எடுத்துக்கொள்ளலாம். கனெக்டரில் களிம்பேறி 500 ஓம் தடை அதிகமாகிவிட்டதென வைத்துக்கொள்வோம். காலை 30 டிகிரியில் சென்சாரின் தடை ஏறக்குறைய 1,700 ஓம். அதனுடன் 500 சேர்ந்தால் 2,200. மீட்டர் 30க்குப் பதிலாக 23 அல்லது 24 டிகிரி காட்டும். ஒருவரும் இதனைப் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் எஞ்சின் 100 டிகிரிக்கு ஏறியபோது சென்சாரின் தடை 190 ஓம் மட்டுமே. அதனுடன் 500 சேர்ந்து 690 ஆகிறது. கண்ட்ரோலர் இதனை ஏறக்குறைய 56 டிகிரி என்று எண்ணிக்கொள்ளும். எஞ்சின் கொதிக்கிறது; மீட்டரோ சுகமாயிருப்பதாகச் சொல்கிறது. விளக்கும் எரியாது, கோளாறு எண்ணும் தோன்றாது. கோளாறுகள் அனைத்திலும் இதுவே மிகக் கொடியது.

இதற்கு நேர்மாறானது ஈரக்கசிவு. கனெக்டருக்குள் ஈரம் தங்கி, மின்சாரம் 1,000 ஓம் அளவில் இரு முனைகளுக்கும் இடையே கசிகிறதென்று கொள்வோம். காலை 30 டிகிரியில் மொத்தத் தடை 630 ஓம் ஆகிவிடும். மீட்டர் 58 டிகிரி காட்டும். மதியம் 100 டிகிரியிலோ வித்தியாசம் ஆறு ஏழு டிகிரிக்கு மேல் இராது. ஆகக் கசிவைக் காட்டுவது காலைப் பரீட்சை. களிம்பைக் காட்டுவது மதியப் பரீட்சை. ஒன்றை மட்டும் செய்து திருப்தியடைதல் கூடாது.

கோளாறு எண்களின் பொருள்

தற்கால யந்திரங்களில் பல, கோளாறு நேர்ந்தவுடன் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். கனரக வாகனங்களுக்கென ஏற்பட்ட பொது முறையின்படி, எஸ்.பி.என். 110 என்பது எஞ்சின் கூலண்ட் உஷ்ணத்தைக் குறிக்கும். அதை அடுத்து வரும் எப்.எம்.ஐ. என்னும் எண் கோளாறின் தன்மையைக் குறிக்கும்.

எப்.எம்.ஐ. 0 எனில் செய்தி சரியானது, சூடு மிகுதியாகிவிட்டது என்று பொருள். யந்திரத்தை நிறுத்தியே ஆக வேண்டும். எப்.எம்.ஐ. 3 எனில் வோல்ட் இயல்புக்கு மேல். பெரும்பாலும் அறுந்த ஒயர், கழன்ற கனெக்டர் அல்லது உள்ளே அறுந்த சென்சார். எப்.எம்.ஐ. 4 எனில் வோல்ட் இயல்புக்குக் கீழ். பெரும்பாலும் இரும்பைத் தொடும் ஒயர் அல்லது உள்ளே ஒட்டிக்கொண்ட சென்சார். எப்.எம்.ஐ. 2 எனில் செய்தி நிலையற்றது. தளர்ந்த இணைப்பைத் தேட வேண்டும். சில கம்பெனிகள் தமக்கெனத் தனி எண்களை வைத்திருப்பதால் யந்திரத்துடன் வந்த கைப்புத்தகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வெண்கள் சென்சாரை மாற்றும்படி சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சுற்றில் கோளாறு என்று மட்டுமே அவை சொல்லுகின்றன. சுற்று என்பது சென்சார், கனெக்டர், ஒயர், கண்ட்ரோலர் ஆகிய நான்கும் சேர்ந்தது. எண்ணைக் கண்டவுடன் புதுச் சென்சார் வாங்கி மாட்டி, மறுநாளும் அதே எண் வரக்கண்டு, பிறகு ரேடியேட்டர், பம்பு என்று ஒவ்வொன்றாய் மாற்றிச் செலவு செய்வது இதனை உணராமையால் வருவதே.

செய்தி கெட்டதென்று கண்டவுடன் பல யந்திரங்களில் கண்ட்ரோலர் தன் பாதுகாப்பிற்காக விசிறியை முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சினின் பலத்தையும் குறைத்துவிடும். பக்கெட் மெதுவாய் எழுவதைக் கண்டு ஹைட்ராலிக் பம்பு போய்விட்டதென்று முடிவு செய்வதற்கு முன்னர், உஷ்ணச் சுற்றையும் பார்த்துவிடுதல் சிக்கனமாகும்.

கழற்றிப் பார்த்தலும் இணைத்துப் பார்த்தலும்

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, சாவியை மட்டும் திருப்பிய நிலையில் பின்வரும் பரீட்சைகளைச் செய்யலாம்.

(1) மீட்டர் கொடுஞ்சூடு காட்டி, எண் 4 நின்றால்: சென்சாரின் கனெக்டரைக் கழற்ற வேண்டும. உடனே மீட்டர் குளிர்ப்பக்கம் மாறி, எண் 3 தோன்றினால் ஒயரும் கண்ட்ரோலரும் நல்ல நிலையில் உள்ளன, சென்சாரே பழுது. கழற்றிய பிறகும் எண் 4 மாறாமல் நின்றால் சென்சார் குற்றமற்றது. செய்தி ஒயர் எங்கேயோ இரும்பைத் தொடுகிறது.

(2) மீட்டர் கடுங்குளிர் காட்டி, எண் 3 நின்றால்: கனெக்டரைக் கழற்றி, கண்ட்ரோலர் பக்கத்து இரு முனைகளையும் ஒரு சிறு ஒயர்த் துண்டால் இணைக்க வேண்டும். எண் 4 தோன்றினால் ஒயரும் கண்ட்ரோலரும் சரி. சென்சாரோ அதன் முனையோ பழுது. எண் மாறாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது.

(3) இரண்டு ஒயர்களில் எது அறுந்தது என்பதை மல்டிமீட்டரால் அறியலாம். கழற்றிய கனெக்டரில் செய்தி ஒயருக்கும் யந்திரத்தின் இரும்புக்கும் இடையே ஏறக்குறைய 5 வோல்ட் இருந்து, செய்தி ஒயருக்கும் திரும்பும் ஒயருக்கும் இடையே ஒன்றும் இல்லையெனில், அறுந்தது திரும்பும் ஒயராகும். 5 வோல்ட்டுக்குப் பதில் 12 அல்லது 24 வோல்ட் காட்டினால், பேட்டரி ஒயர் ஒன்று செய்தி ஒயருடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அத்துடன் பரீட்சையை நிறுத்திக் கைதேர்ந்த மின் மெக்கானிக்கை அழைப்பதே நலம்.

(4) ஒரே வேளையில் பல சென்சார்களின் எண்கள் சேர்ந்து தோன்றினால் அவை யாவும் ஒருங்கே கெட்டிருக்க மாட்டா. அவற்றுக்குப் பொதுவான திரும்பும் ஒயரையோ 5 வோல்ட் ஒயரையோ முதலில் பார்க்க வேண்டும்.

இப்பரீட்சைகள் இரண்டு ஒயர்ச் சென்சாருக்கே உரியவை. சில பழைய யந்திரங்களில் மீட்டருக்கென ஒற்றை ஒயர்ச் சென்சார் தனியே இருக்கும். எந்த ஒயர் எதற்குரியது என்று தெரியாமல் முனைகளை இணைக்கலாகாது. பேட்டரி ஒயரைச் செய்தி ஒயரில் தொடவிட்டால், விலையுயர்ந்த கண்ட்ரோலர் ஒரு நொடியில் கெட்டுப்போகக் கூடும். கனெக்டரின் துளைக்குள் தடித்த ஊசியையோ ஆணியையோ செருகுவதும் தகாது. துளை விரிந்து, அதுவே புதிய கோளாறாகிவிடும்.

சென்சாரை வெந்நீரில் பரீட்சித்தல்

சென்சார் பழுதென்று தோன்றினால், புதிது வாங்குமுன் அதனை வெந்நீரில் பரீட்சித்துப் பார்க்கலாம். எஞ்சின் முற்றும் ஆறிய பின் சென்சாரைக் கழற்றி, அதன் முனை மட்டும் அமிழும்படி ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட வேண்டும். பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் அது தொடலாகாது. அருகில் ஒரு உஷ்ணமானியை வைத்து, நீரை மெதுவாய்க் காய்ச்சி, 30, 60, 80 டிகிரிகளில் மல்டிமீட்டரால் தடையை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

தடை ஒழுங்காய்க் குறைந்து, கைப்புத்தகத்தின் அளவை ஒட்டி நின்றால் சென்சார் நல்லது. இடையில் திடீரென்று தாவினாலும், ஒரே அளவில் அசையாமல் நின்றாலும், தட்டும்போது மாறினாலும் அது தள்ளத்தக்கது. முனையில் காரை படிந்திருந்தால் சுத்தம் செய்து மறுபடியும் பரீட்சிக்கலாம். புதிது வாங்க நேர்ந்தால், மரை ஒத்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வாங்கலாகாது. மரை ஒன்றாயிருந்தும் தடை அளவு வேறாயிருக்கும் சென்சார்கள் கடையில் பல உண்டு. அவற்றைப் பூட்டினால் மீட்டர் என்றைக்கும் உண்மை சொல்லாது. பாகத்தின் எண்ணைக் கைப்புத்தகத்துடன் ஒப்பிட்டு வாங்குவதே முறை.

ஒயரைப் பரீட்சித்தல்

சென்சார் நல்லதென்று தெரிந்தபின் ஒயரைப் பார்க்க வேண்டும். பேட்டரி இணைப்பை நீக்கி, ஒயரின் இரு பக்கத்துக் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையை அளந்தால் அது சில ஓம்களுக்கு மேல் இருக்கலாகாது. ஒயருக்கும் யந்திரத்தின் இரும்புக்கும் இடையே அளந்தால் தொடர்பே இருத்தலாகாது. அளக்கும்போது மற்றொருவர் ஒயரை ஓர் ஓரத்திலிருந்து மெதுவாய் அசைத்துக்கொண்டே வரவேண்டும். யந்திரம் நிற்கும்போது மறைந்து, ஓடும்போது மட்டும் தோன்றும் கோளாறு இந்த அசைவில் அகப்பட்டுவிடும்.

ஒயர் பிடிக்குள் நுழையும் இடமும், எஞ்சினிலிருந்து சட்டத்திற்குத் தாவும் இடமும், சூடான புகைக் குழாயின் அருகே செல்லும் இடமுமே முதலில் பார்க்கத்தக்கவை. அறுந்த இடத்தைக் கையால் முறுக்கி நாடா சுற்றுவது சில நாளுக்கே தாங்கும். ஈயப் பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போர்த்தி, புதிய பிடியால் இறுக்குதல் நிலையான பரிகாரம். களிம்பேறிய முனைகளை அதற்குரிய திரவத்தால் கழுவி, உலர்த்திப் பூட்ட வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மேற்பூச்சு போய் மறுபடியும் விரைவில் களிம்பேறும்.

செய்யத் தகாத காரியங்கள்

வேலை அவசரத்தில் சிலர் சென்சாரின் இடத்தில் ஒரு நிலையான தடையைக் கட்டி, மீட்டர் எப்பொழுதும் நல்ல அளவையே காட்டும்படி செய்துவிடுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும், வேலையும் நடக்கும். ஆனால் அந்நாள் முதல் எஞ்சினுக்குக் காவல் இல்லை. பிறகு ஒரு நாள் பெல்ட் அறுந்தாலும், குழாய் வெடித்தாலும், அதைச் சொல்வதற்கு எதுவுமிராது. சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, பிஸ்டன் இறுகிய பின்னரே தெரியவரும். சில நூறு ரூபாய்ப் பாகத்தையும் அரைநாள் உழைப்பையும் மிச்சப்படுத்தப் போய் எஞ்சினையே இழப்பது எவ்விதத்திலும் சிக்கனமாகாது.

கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தகாது; வார்ப்பிரும்பு வெடித்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதும் பரிகாரமன்று. கூலண்டை ஏரிக்குள் கொட்டுவது எல்லாவற்றிலும் தகாத காரியம். அதில் அடங்கிய எதிலீன் கிளைக்கால் என்னும் பொருள் இனிப்பாயிருப்பதால் ஆடு மாடுகளும் நாய்களும் அதனைக் குடித்துவிடும். குடித்தவை சிறுநீரகம் கெட்டு மாளும். பழுது பார்க்கையில் வடிக்கும் திரவத்தைப் பாத்திரத்தில் ஏந்தி அப்புறப்படுத்துவதே முறை.

அமர்த்துவோரும் அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

யந்திரத்தைத் தனியாரிடம் அமர்த்தினாலும், வேளாண்மைப் பொறியியல் துறையின் மூலம் வாடகைக்குப் பெற்றாலும், வேலை துவங்கும் காலையில் ஆபரேட்டரை அழைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் மீட்டரைக் காட்டச் சொல்வது நலம். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. கூலண்ட் மட்டத்தையும் அப்பொழுதே பார்த்துக்கொள்ளலாம்.

யந்திரம் ஓடிய மணியைக் காட்டும் மீட்டரின் எண்ணை, துவக்கத்திலும், கோளாறால் நின்றபோதும், மறுபடி துவங்கியபோதும் குறித்து, இருதரத்தாரும் கையொப்பமிட்ட சீட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பழுதுபார்க்கையில் எஞ்சின் ஓடினால் அந்த மீட்டரும் ஓடும். அந்நேரத்திற்கு வாடகை உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால் பின்னால் தகராறு இராது.

ஏரி வேலையை மேற்பார்வையிடும் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், அனுமதி நாள் முடிவதற்குள் வேலையை முடிக்கும்படி அவசரப்படுத்துவது இயல்பே. ஆயினும் சிவப்பு விளக்கு எரியும் யந்திரத்தை ஓட்டும்படி ஆபரேட்டரை வற்புறுத்தலாகாது. எஞ்சின் இறுகிய யந்திரம் ஏரியின் நடுவே நின்றுவிட்டால், மழை வருமுன் அதனை வெளியே இழுப்பதே தனி வேலையாகிவிடும். நின்ற நாளையும் காரணத்தையும் பதிவு செய்துகொண்டால், அனுமதி நாளை நீட்டிக்கக் கோருவதற்கு அது ஆதாரமாயிருக்கும்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்கள் லாரிக்கும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிக்கும் பெயர்பெற்றவை. டீசல் எஞ்சினை நன்கறிந்த மெக்கானிக்குகள் இவ்வூர்களில் உண்டு. அவர்களை அழைக்கும்போது ‘யந்திரம் சூடாகிறது’ என்று மட்டும் சொல்லாமல், காலையில் மீட்டர் காட்டிய அளவு, மதியம் காட்டிய அளவு, தோன்றிய எண், கனெக்டரைக் கழற்றியபோது நேர்ந்த மாற்றம் ஆகிய நான்கையும் சொன்னால், அவர் தேவையான பாகத்துடனேயே புறப்பட்டு வருவார். ஒரு நாள் போக்குவரத்து மிச்சமாகும்.

சுருக்கம்

(1) மீட்டர் காட்டுவது ஒயர் கொண்டுவரும் செய்தி. சூடு வேறு, செய்தி வேறு.

(2) பொய்யென்று நிரூபிக்கும் வரையில் சூட்டை மெய்யென்றே கொள்க. கூலண்ட், ரேடியேட்டர், பேன் பெல்ட் ஆகியவற்றை முதலில் பார்க்க.

(3) காலையில் குளிர்ந்த நிலையிலும் மதியம் சூடேறிய நிலையிலும், இருமுறை ஒப்பிடுக.

(4) கடுங்குளிர் காட்டினால் அறுந்த சுற்று. கொடுஞ்சூடு காட்டினால் மெய்ச்சூடு, அல்லது இரும்பைத் தொடும் ஒயர், அல்லது ஒட்டிக்கொண்ட சென்சார்.

(5) கழற்றியும் இணைத்தும் பார்த்த பின்னரே பாகம் வாங்குக.

(6) விளக்கை அணைப்பதற்காகச் சென்சாரை ஏமாற்றுதல் கூடவே கூடாது.

(7) ஓடிய மணியையும் நின்ற மணியையும் எழுதி வைக்க.

இவற்றை அனுசரித்து நடப்பின், கோடையில் கிடைக்கும் சில வாரங்களும் வீணாகாமல், மழைக்கு முன்னரே வண்டல் நிலத்தில் சேர்ந்துவிடும்.